‘படிப்பைப் பார், பணக்கணக்கு உனக்கு எதற்கு?’

கேள்வி:

நாங்கள் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் வசிக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டுகளாக நிற்கிறோம். மகள் திருச்சியில் பிறந்து, சிறுகுழந்தையாக இங்கே வந்தவள். எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கிறாள், இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மகன் இங்கேயே பிறந்தவன், எட்டாம் வகுப்பு. எங்கள் மாநிலத்தில் ‘பொருளாதாரமும் தனிநபர் நிதியும்’ என்ற பாடத்தில் தேறாமல் உயர்நிலைப் பள்ளி டிப்ளமோ வாங்க முடியாது. ‘இது ஒரு பாடமா? நாம் வீட்டில் சொல்லிக்கொடுக்காததா? கோடை விடுமுறையில் ஆன்லைனில் முடித்துத் தொலைக்கட்டும், அந்த இடத்தில் இன்னொரு ஏபி (கல்லூரித் தரப்) பாடம் எடுக்கலாம்’ என்கிறார் கணவர். பகுதிநேர வேலை, மத்திய அரசின் கல்வி உதவி என்று அதில் பாதி விஷயங்கள் எச்-4 பிள்ளைக்குப் பொருந்தவே பொருந்தாது என்பது அவர் வாதம். மகள் பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு, ‘அப்பா, உங்கள் சம்பளம் எவ்வளவு? என் கல்லூரிக்கு நம்மிடம் எவ்வளவு இருக்கிறது?’ என்று கேட்டாள். அவர் கோபப்பட்டு, ‘படிப்பைப் பார், பணக்கணக்கு உனக்கு எதற்கு?’ என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தை வரும் கோடையில் அவசர அவசரமாக முடிக்க வேண்டாம். உங்கள் மகள் அதைப் பன்னிரண்டாம் வகுப்பில், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் அதே மாதங்களில், பள்ளியில் ஓர் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து படிக்கட்டும். அவள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லுங்கள். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே சொல்லுங்கள்.

உங்கள் கணவரின் யோசனை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். வர்ஜீனியாவில் 2011-12 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களிலிருந்து இந்தப் பாடம் கட்டாயம். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, ஏதாவது ஒரு பாடத்தையாவது ஆன்லைனில் முடித்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பெற்றோர்கள், நிதிப் பாடத்தைக் கோடையில் ஆன்லைனில் எடுத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கண்டுகொண்டார்கள். இதற்கு மேல் மதிப்பெண் சராசரி பற்றிய கவலை வேறு. ஏபி பாடத்துக்குக் கூடுதல் எடை உண்டு, இதற்கு இல்லை. ஆகவே இது சராசரியைக் கீழே இழுக்கும் பாடம் என்று ஒரு பேச்சு நம்மவர்களின் வார இறுதிச் சந்திப்புகளில் எல்லாம் அடிபடுகிறது. ஆனால் கல்லூரிகள் பலவும் சராசரியைத் தங்கள் முறையில் திரும்பக் கணக்கிடுகின்றன. கட்டாயப் பாடம் எல்லா மாணவருக்கும் கட்டாயம் என்பது சேர்க்கை அதிகாரிகளுக்கும் தெரியும். ஆன்லைன் விதியை நிறைவேற்ற வேறு என்ன வழி என்பதைப் பள்ளி ஆலோசகரே சொல்வார். அதற்காக இந்தப் பாடத்தைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

நான் கோடை வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வேறு. பணத்தைப் பற்றிய படிப்பு, அதைப் பயன்படுத்தும் நாளுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் ஒட்டும். இதை என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். ஆராய்ச்சிகளும் இதையே காட்டுகின்றன. டேனியல் பெர்னாண்டஸ், ஜான் லிஞ்ச், ரிச்சர்ட் நெட்மெயர் என்ற மூவர் 2014-ல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர்களின் பணநடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் நிதிக்கல்வியால் விளக்க முடிந்தது வெறும் 0.1 சதவீதம். நாள் ஆக ஆக அந்தச் சிறிய விளைவும் தேய்ந்துபோனது. உங்கள் கணவர் இதைப் படித்தால் ‘நான் சொல்லவில்லையா?’ என்பார். ஆனால் அந்த மூவர் நிதிக்கல்வியை மூட்டை கட்டி வைக்கச் சொல்லவில்லை. முடிவெடுக்கும் தருணத்தை ஒட்டிக் கற்றுக்கொடுங்கள் என்றார்கள்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியானா ஸ்டாடார்ட், கார்லி அர்பன் இருவரும், பள்ளியில் நிதிக்கல்வி கட்டாயமாக்கப்பட்ட மாநிலங்களின் மாணவர்கள் கல்லூரிச் செலவை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அந்த மாணவர்கள் கல்வி உதவிக்கு அதிகமாக விண்ணப்பித்தார்கள். வட்டி குறைந்த மத்திய அரசுக் கடன் பக்கம் சாய்ந்தார்கள். கிரெடிட் கார்டில் நிலுவை வைப்பது குறைந்தது. பள்ளிப்படிப்பு முடிந்து சில மாதங்களில் எடுக்கப்படும் முடிவுகளில்தான் இந்தப் பாடம் வேலை செய்திருக்கிறது. பத்தாம் வகுப்புக் கோடையில், நீச்சல் வகுப்புக்கும் சாட் என்ற கல்லூரி நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்கும் நடுவில், கேள்விக்கு விடையைச் சொடுக்கிச் சொடுக்கி முடிக்கும் பிள்ளைக்கு அதில் எது மிஞ்சும்? கல்வி உதவி விண்ணப்பமான ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபர் முதல் தேதி திறக்கிறது. கல்லூரிகளின் உதவிக் கடிதங்கள் மார்ச், ஏப்ரலில் வருகின்றன. பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே முதல் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பாடத்தை எடுக்கும் பிள்ளையின் பாடப்புத்தகமும் வீட்டுத் தபால் பெட்டியும் ஒரே விஷயத்தைப் பேசும்.

இனி, வீட்டில் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்ற வாதம். நீங்கள் கற்றுக்கொடுத்தது எளிய விஷயம் இல்லை. வரவுக்கு மேல் செலவு கூடாது, கடன் வாங்காதே, முதலில் சேமி, பிறகு வாங்கு. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பல குடும்பங்களுக்கு இது வாய்க்கவில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் கையெழுத்துப் போடப்போகும் காகிதங்கள் நீங்கள் அந்த வயதில் பார்க்காதவை. நமக்குத் தெரிந்தது வங்கியின் நிரந்தர வைப்பு, சீட்டு, நகைக்கடன், எல்ஐசி பாலிசி. இங்கே கடனே வாங்காத நல்ல பிள்ளைக்குக் கிரெடிட் வரலாறே, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவே, இருக்காது. வீடு வாடகைக்குக் கேட்டால் ‘வரலாறு இல்லை’ என்பார்கள். அந்த வரலாற்றை வைத்துப் போடும் ஃபைகோ மதிப்பெண்ணில் 35 சதவீதம் தவணையைத் தவறாமல் கட்டுகிறோமா என்பதைப் பொறுத்தது. 30 சதவீதம் எவ்வளவு கடன் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ‘கடன் வாங்காதே’ என்ற ஒரே வரியை மட்டும் கொண்டு ஒரு பிள்ளை இதற்குள் வழி கண்டுபிடிக்க முடியாது.

இதை எழுதும்போது உங்கள் வீட்டை மட்டும் நினைக்க முடியவில்லை. உங்கள் மகளின் வகுப்பில், அடுத்த இருக்கையில், வங்கிக் கணக்கே இல்லாத குடும்பத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். சம்பளக் காசோலையைக் கடையில் கொடுத்து, கழிவு போக மீதியை ரொக்கமாக வாங்கும் பெற்றோர் இந்த நாட்டில் ஏராளம். அவர்களின் பிள்ளைக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளியைத் தவிர வேறு இடமே கிடையாது. 2024 ஜூனில் கலிபோர்னியா ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, அங்கே 2030-31-ல் பள்ளி முடிக்கும் மாணவர்களிலிருந்து ஒரு பருவ நிதிப் பாடம் கட்டாயமாகிறது. இப்படிச் சட்டம் செய்த 26-வது மாநிலம் அது. அடுத்த ஆண்டு டெக்சாஸும் சேர்ந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கோடையில் ஓடி முடித்துவிட்டுப் போனால், இது ‘மற்றவர்களுக்கான’ பாடமாகிவிடும். அப்படி ஆன பாடத்துக்கு நல்ல ஆசிரியரைப் போடப் பள்ளி நிர்வாகமும் அக்கறை காட்டாது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

எச்-4 பற்றிய உங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான பகுதி அதுதான். அவர் சொல்லும் விவரம் சரி. எச்-4 விசாவில் உள்ள பிள்ளை வேலை செய்ய முடியாது. சில வாழ்க்கைத் துணைகளுக்குக் கிடைக்கும் வேலை அனுமதி பிள்ளைகளுக்குக் கிடையாது. பொதுவாகச் சமூகப் பாதுகாப்பு (சோஷியல் செக்யூரிட்டி) எண்ணும் கிடையாது. வருமான வரிக்கு ஐடிஐஎன் என்ற தனி எண்தான். மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் இல்லை, கடனும் இல்லை. தனியார் வங்கிகள் கல்விக்கடனுக்குப் பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவரின் கூட்டுக் கையெழுத்தைக் கேட்கும்.

உங்கள் மகன் வளரும்போது அவன் கதை முற்றிலும் வேறாக இருக்கும். பதினான்கு வயதானதும் உரிய சான்றிதழோடு அவன் கோடை வேலைக்குப் போகலாம். முதல் நாள், சம்பளத்தில் வரி பிடிப்பதற்கான டபிள்யூ-4 படிவம் நிரப்புவான். அந்தச் சம்பளத்துக்கு உட்பட்டு, உங்கள் மேற்பார்வையில் அவன் பெயரில் ராத் ஐஆர்ஏ ஓய்வூதியக் கணக்குத் தொடங்கலாம். பதினாறு வயதில் போடும் 3,000 டாலர் ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் அறுபத்தைந்து வயதில் 82,000 டாலரைத் தாண்டும். 7 சதவீதம் என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது, சந்தை யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை. கல்லூரியில் அவன் பெயரில் மத்திய அரசுக் கடனாக முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500 டாலர் வரை வாங்கலாம். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடும் அக்காவுக்கு ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டம்.

அப்படியானால் மகளுக்கு இந்தப் பாடம் எதற்கு? அவளுக்குத்தான் அதிகமாகத் தேவை. இருபத்தொரு வயது வரும்போது, அதற்குள் கிரீன் கார்டு கிடைக்காவிட்டால், அவள் உங்கள் விசாவின் நிழலிலிருந்து வெளியே வர வேண்டியிருக்கும். பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். வயதைக் கணக்கிடும் முறை உங்கள் விண்ணப்பத் தேதிகளைப் பொறுத்தது. அதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள், நான் பேசுவது பணப்பக்கத்தை மட்டும். எஃப்-1 ஆனால் கல்லூரி வளாகத்தில் பாடப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். படிப்பை ஒட்டிய வேலைப்பயிற்சியும் கிடைக்கும். அன்றைக்கு டபிள்யூ-4 அவள் கையிலும் வரும். ஆனால் வர்ஜீனியாவில் எச்-4 மாணவர் குடியிருப்பு நிபந்தனைகளை நிறைவேற்றினால் அரசுக் கல்லூரிகளில் உள்மாநிலக் கட்டணம் கேட்க முடியும். எஃப்-1 மாணவருக்குப் பொதுவாக அந்த வழி அடைபட்டுவிடும். வர்ஜீனியா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் வெளிமாநிலக் கட்டணம் உள்மாநிலக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆக, விசாவை முன்னதாக மாற்றினால் சம்பாதிக்கலாம், கட்டணம் ஏறும். கடைசி வரை எச்-4-ல் இருந்தால் கட்டணம் குறையும், கையில் ஒரு டாலர் சம்பாதிக்க முடியாது, வேலைப்பயிற்சிக் கோடைகள் வீணாகும். எந்த ஆண்டு மாறுவது? வளாக வேலையில் எவ்வளவு ஈட்டினால் கட்டண உயர்வை ஈடுகட்டும்? கடைசி ஆண்டில் மட்டும் மாறினால் மொத்தச் செலவு எவ்வளவு? எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தக் கணக்கு இருக்காது. ஆனால் இதைப் போடுவதற்கான கருவிகள் எல்லாம் அந்தப் பாடத்தில் இருக்கின்றன. நல்ல ஆசிரியராக இருந்தால், ‘என் நிலைமை இது, இதையே என் செயல்திட்டமாகச் செய்யட்டுமா?’ என்று அவள் கேட்டால் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார். கோடை ஆன்லைன் வகுப்பில் இப்படிக் கேட்க ஆள் கிடைப்பது அரிது.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபாஃப்சா நிரப்ப முடியாத, ஆனால் உள்மாநிலக் கட்டணத்துக்குத் தகுதியுள்ள மாணவர்களுக்காக வர்ஜீனியா 2022-ல் வாசா என்ற தனி விண்ணப்பத்தைக் கொண்டுவந்தது. மாநில உதவிக்கான வழி அது. உங்கள் மகளின் விசா நிலைக்கு அது பொருந்துமா என்பதை அவள் விரும்பும் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் கேளுங்கள். அதை அவளே தொலைபேசியில் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

இப்போது சம்பளக் கேள்வி. உங்கள் கணவர் கோபப்பட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. பணக்கஷ்டம் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று பெற்றோர் பொத்திப் பொத்தி வளர்த்த வீடுகளிலிருந்துதான் நம்மில் பலரும் வந்திருக்கிறோம். கண் படும் என்ற பயம் ஒரு பக்கம், பிள்ளை வெளியில் சொல்லிவிடுமோ என்ற தயக்கம் ஒரு பக்கம். ஆனால் பதினாறு வயதுப் பெண் கல்லூரிப் பட்டியல் தயாரிக்கும்போது, வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எந்தக் கல்லூரியை எழுதுவாள், எதை அடிப்பாள்? சம்பளம் பெரிது, ஆகவே எதையும் எழுதலாம் என்று நினைத்துவிட்டால், ஏப்ரலில் ‘முடியாதம்மா’ என்று நீங்கள் சொல்ல நேரும். பணமே இல்லை என்று தானாக முடிவு கட்டினால், கேட்க வேண்டியதைக்கூடக் கேட்காமல் ஒதுங்கிவிடுவாள். அன்றிலிருந்து அவள் பேச்சே எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இந்த இரண்டாவது வகைதான் எனக்குக் கவலை.

கணவருக்கு மொத்தச் சம்பளத்தை ஒரே மூச்சில் சொல்வது கஷ்டமாக இருந்தால், ஒரு மாதச் சம்பளச் சீட்டை அச்செடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். அவள் வரி வரியாகப் படிக்கட்டும். மேலே ஒரு பெரிய தொகை. அடியில் அதைவிட வெகுவாகச் சிறுத்த ஒரு தொகை. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் பாடம். சமூகப் பாதுகாப்புக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம். மேலே 10,000 டாலர் என்றால் இந்த இரண்டுக்கே 765 போய்விட்டது. அதன்பின் மத்திய அரசு வரி, மாநில வரி, மருத்துவக் காப்பீட்டுத் தவணை, 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு. 401(கே)-வில் நிறுவனம் தன் பங்காகப் போடும் தொகை தனியாகத் தெரிந்தால் அதையும் காட்டுங்கள். முதல் வேலையில் அந்தப் பங்கைக் கேட்டு வாங்கத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடும் இளைஞர்களை நான் பார்க்கிறேன்.

பிறகு, அந்தச் சின்னத் தொகை எங்கே போகிறது என்று எழுதுங்கள். வீட்டுக் கடன் அல்லது வாடகை, கார், மளிகை. ஊரில் உங்கள் பெற்றோருக்கும் மாமனார் மாமியாருக்கும் அனுப்பும் பணம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். தாத்தாவின் மருந்துச் செலவு அப்பாவின் சம்பளத்திலிருந்து போகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு, அப்பா ஏன் புதுக் காரை மூன்று வருடமாகத் தள்ளிப்போடுகிறார் என்பதும் புரியும். ‘இது நம் வீட்டுக் கணக்கு, வெளியில் பேசுவதில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள் காப்பாற்றுவார்கள்.

அவள் கேட்ட இரண்டாவது கேள்வி கல்லூரிச் சேமிப்பு பற்றியது. வர்ஜீனியாவின் 529 என்ற கல்விச் சேமிப்புத் திட்டத்தில் பணம் போட்டு வருகிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. போட்டிருந்தால் கணக்கு அறிக்கையை அப்படியே காட்டுங்கள். இல்லையென்றால் இப்போதாவது தொடங்கலாம். ஒரு கணக்குக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை மாநில வரிக்கான வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் கொண்டுபோகலாம். மகளின் ஐடிஐஎன் கொண்டும் கணக்கைத் தொடங்க முடியும். அவள் செலவழித்தது போக மீதியைத் தம்பியின் பெயருக்கு மாற்றலாம். என் தனிப்பட்ட கருத்து ஒன்று: மத்திய அரசுக் கடனுக்கு வழியில்லாத பிள்ளைக்குத்தான் சேமிப்பில் முதல் பங்கு போக வேண்டும். இருவருக்கும் சமமாகப் பிரிப்பது பார்க்க நியாயமாகத் தோன்றும். ஆனால் மகனுக்குத் திறந்திருக்கும் கதவுகள் மகளுக்கு மூடியிருக்கின்றன.

பாடம் தொடங்கும் முன்பே வீட்டில் அவளோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய காகிதம் இன்னொன்று, உங்கள் கிரெடிட் கார்டு அறிக்கை. 2009-ன் கார்டு சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு சிறிய கட்டம் இருக்கும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் இந்த நிலுவை தீர எத்தனை ஆண்டு ஆகும், மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பீர்கள் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். மாதாமாதம் முழுத்தொகையையும் கட்டும் குடும்பங்கள் அந்தக் கட்டத்தைப் படிப்பதே இல்லை. நீங்களே ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம். 3,000 டாலர் நிலுவை, ஆண்டு வட்டி 22 சதவீதம். முதல் மாத வட்டி மட்டும் 55 டாலர். குறைந்தபட்சத் தொகை என்பது வட்டியோடு அசலில் ஒரு சதவீதம் என்றால் 85 டாலர் கட்டச் சொல்வார்கள். 85 கட்டியும் அசலில் குறைவது 30 டாலர்தான். மகள் இதைத் தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். இருபத்தொரு வயதுக்குள் சொந்த வருமானமோ கூட்டுக் கையெழுத்தோ இல்லாமல் தனிக் கார்டு கிடைக்காது என்பதும் அதே சட்டம்தான். ஆகவே அவளை உங்கள் கார்டில் கூடுதல் பயனாளராகச் சேர்க்கலாம். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவரின் வரலாறு கிரெடிட் நிறுவனங்களில் பதிவாகுமா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். சேர்க்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரி உதவிக் கடிதங்கள் வரும் மார்ச் மாதத்தில் அவற்றைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள். ஒரு தாளில் அருகருகே எழுதி ஒப்பிடுங்கள். திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டிய கடனையும் ஒரே பட்டியலில் போட்டு, மொத்தம் இவ்வளவு ‘உதவி’ என்று காட்டும் கடிதங்கள் உண்டு. உங்கள் மகளுக்கு மத்திய அரசுக் கடன் வராது என்றாலும், மகனுக்கு வரும் கடிதங்களில் நிச்சயம் வரும். கடனை அடித்துவிட்டு மீதியைக் கூட்டுங்கள்.

பங்குச்சந்தைச் செயலிகள், கிரிப்டோ, தவணையில் செருப்பு வாங்கும் வசதி, விளையாட்டுப் பந்தயம் எல்லாம் இன்றைய பிள்ளைகளின் கைபேசியில் இருக்கின்றன. நல்ல ஆசிரியர்கள் வகுப்பில் இவற்றை எடுக்கிறார்கள். மகனிடம் நீங்களும் இப்போதே பேச்சைத் தொடங்குங்கள். எட்டாம் வகுப்பு அதற்குச் சின்ன வயது அல்ல.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வு பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். அதற்கு முன் ஆலோசகரைப் பார்த்து, இந்தப் பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் வைத்தால் மற்றக் கட்டாயப் பாடங்களோடு மோதுமா என்று கேளுங்கள். மோதினால் பதினொன்றாம் வகுப்பு. அதுவும் முடியாமல் கோடைதான் என்றால், பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையாவது இருக்கட்டும். ஒரு ஏபி பாடம் குறைவதால் கல்லூரி வாசல் அடைபட்டுவிடாது.

மகன் முதல் கோடை வேலைக்குப் போகும் ஆண்டு சீக்கிரம் வந்துவிடும். அவன் சம்பளத்தோடு வீட்டுக்கு வரும்போது, அவனைவிட மூத்தவளான அக்கா ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க அனுமதி இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் என்பதை அன்றைக்கு அவளாகக் கண்டுபிடிக்க விடாதீர்கள். விசா, அதன் தேதிகள், அவளுக்கு எது முடியும், எது முடியாது, அதற்காக நீங்கள் என்ன சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்பதையெல்லாம் சம்பளச் சீட்டை மேசையில் வைக்கும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். உங்கள் கணவரே சொன்னால் நல்லது. அவள் கேட்டது அவரைத்தான்.